பெட்டியை யார் கையில் ஒப்படைப்பது?

பெரிய ஒலிபெருக்கிகளை வெளியூருக்கு அனுப்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

ஜூலை 26-ஆம் நாள் தூத்துக்குடி பனிமய அன்னை பேராலயத்தில் கொடி ஏறிவிட்டால், ஆகஸ்டு 5-ஆம் நாள் பெருவிழா முடியும்வரை முத்துக்குளித்துறை முழுவதும் செபமும் பாடலுமாக இருக்கும். அதைத் தொடர்ந்து செப்டம்பர் 14-இல் மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருநாள் வரும். பின்னர் ஊர்தோறும் பாதுகாவலர் திருநாள்கள், கிறிஸ்து பிறப்பு விழா, தவக்காலத் தியானங்கள் என்று ஆண்டு நகரும். இவ்விழாக்கள் அனைத்திலும், எவருடைய பாராட்டையும் எதிர்பாராமல் மேடையோரத்தில் நின்று தொண்டாற்றும் பொருள் ஒன்று உண்டு. அதுவே ஒலிபெருக்கிப் பெட்டி. மறையுரை ஆற்றும் குருவானவரின் குரல், கடற்கரை மணலில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் செவியிலும் விழுகிறதென்றால், அது இப்பெட்டியின் உதவியால்தான்.

இப்பெட்டிகளுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. கடல் தொழிலை விட்டுவிட்டு 'மைக் செட்' தொழிலில் இறங்கிய இளைஞர்கள் நம் பங்குகளில் பலர் உண்டு. மனைவியின் நகையை அடகு வைத்தோ, வங்கியில் கடன் பெற்றோ அவர்கள் வாங்கிய பெட்டிகளே அவர்களுக்குப் படகும் வலையும் ஆகும். பாடகர் குழுவினர் பல ஆண்டுகள் சேமித்து வாங்கிய பெட்டிகளும் உண்டு. தந்தை ஆசையாக வைத்திருந்த பழைய இசைப்பெட்டியை, வெளியூரில் குடியேறிய மகன் தன் இல்லத்திற்கு வரவழைக்க விரும்புவதும் உண்டு.

இத்தகைய பெட்டிகள் என்றேனும் ஒருநாள் பயணம் போக வேண்டியிருக்கிறது. சென்னையில் வாங்கியதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவர வேண்டும். பழுது பார்க்கக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். விற்றதை வாங்கியவரிடம் சேர்க்க வேண்டும். அவ்வேளையில் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, 'வாடகை எவ்வளவு?' என்பதே. அக்கேள்வியில் தவறில்லை. ஆயினும் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'புறப்பட்ட நேரம் முதல் போய்ச் சேரும் நேரம்வரை இப்பெட்டிக்கு யார் பொறுப்பு?' இக்கேள்விக்குத் தெளிவான விடை தருபவரே நாம் தேட வேண்டிய ஆள். இதனையே இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம்.

துறைமுகம் கற்பித்த பாடம்

சரக்கு அனுப்புவதும் பெறுவதும் நம் ஊருக்குப் புதியவை அல்ல. பனிமய அன்னையின் திருவுருவமே 1555-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வரும் மரபு. பிற்காலத்தில் உப்பும் பஞ்சும் கருவாடும் இங்கிருந்து கடல் கடந்தன.

ஆனால் தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. எனவே பெரிய நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்குகளைக் கரையில் தோணியில் ஏற்றி, கடலில் கப்பலுக்கு மாற்ற வேண்டும். இறக்குமதிச் சரக்குகளும் அவ்வாறே கப்பலிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கரைக்கும் வந்தன. அலை ஆடும் நேரத்தில் ஒரு மூட்டையை மாற்றுவதென்றால் எத்தனை இடர்கள்! நனைவதும் நழுவுவதும் உடைவதும் பெரும்பாலும் கைமாறும் அந்த நொடியில்தான் நேர்ந்தன. 1974 ஜூலை 11-ஆம் நாள் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகத் தூத்துக்குடி அறிவிக்கப்பட்டு, கப்பல்கள் கரையணையும் வசதி ஏற்பட்ட பின்னரே இந்த இரட்டை வேலை குறைந்தது. இன்று அத்துறைமுகம் வ.உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பெயரும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனமே தனியாட்சி செலுத்தி வந்த காலத்தில், 1906-ஆம் ஆண்டு வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் 25 ரூபாயாகப் பங்குகள் விற்கப்பட்டன. 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. உடனே எதிர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, முடிவில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகிச் சிறை சென்றார். 1911-இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. இலவசப் பயணத்தின் நோக்கம் எதுவென்று அப்போது எல்லாருக்கும் விளங்கியிருக்கும். மிகமிகக் குறைந்த கட்டணம் சொல்லப்படும்போது, 'குறைந்த பணம் எங்கே ஈடு செய்யப்படுகிறது?' என்று கேட்கும் பழக்கம் நம் ஊராருக்கு நூறாண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு அளவுகோல்கள் நமக்குக் கிடைக்கின்றன. சரக்கு எத்தனை முறை கைமாறுகிறது என்பது ஒன்று. மலிவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று.

பெட்டியின் இயல்பு

ஒலிபெருக்கிப் பெட்டி வெளியே முரடாகத் தோன்றினாலும் உள்ளே மென்மையானது. ஒலிபெருக்கியின் பின்புறத்தில் கனமான காந்தம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் மயிரிழை அளவே இடைவெளி விட்டுக் கம்பிச்சுருள் அசைகிறது. பெட்டி ஓரடி உயரத்திலிருந்து 'தொப்' என்று விழுந்தாலும், கனத்தின் வேகத்தில் காந்தம் தன் இடத்திலிருந்து சற்றே நகர்ந்துவிடக்கூடும். நகர்ந்தால் கம்பிச்சுருள் உராயும், குரல் கரகரக்கும். வெளியே கீறல்கூட இராது. எனவே பெட்டியைப் பார்த்தவர் 'நன்றாகத்தானே வந்திருக்கிறது' என்பார். குறை தெரிவது விழா நாளன்றுதான்!

இதனோடு, ஒலியெழுப்பும் கூம்பு பெரும்பாலும் காகிதத்தால் ஆனது. ஈரமும் உப்புக்காற்றும் அதற்கு ஆகா. முன்புற வலையில் மற்றொரு மூட்டையின் மூலை இடித்தாலே கூம்பு கிழிந்துவிடும். எடையோ பெரிது. பதினெட்டு அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டைக் கொண்ட பெட்டி எண்பது கிலோவைத் தாண்டுவது வழக்கம். கனமும் மென்மையும் ஒன்றாகச் சேர்ந்த சரக்கு இது. அரிசி மூட்டையைக் கொண்டு செல்வதில் வல்லவர் எல்லாரும் இதைக் கொண்டு செல்வதில் வல்லவர் ஆகார்.

எடையா, அளவா?

வாடகை பேசும்போது நம்மவர் ஏமாற்றம் அடையும் இடம் ஒன்று உண்டு. 'எடை அறுபது கிலோதானே, ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?' என்று கோபம் கொள்வார்கள். சரக்கு ஊர்தியில் எடைக்கு மட்டுமன்று, அடைக்கும் இடத்துக்கும் விலை உண்டு என்பதை அறிந்துகொண்டால் இக்கோபம் எழாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பெட்டி 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம், 110 செ.மீ. உயரம் உள்ளதென்று வைத்துக்கொள்வோம். இம்மூன்றையும் பெருக்கினால் 4,95,000 கன செ.மீ. வருகிறது. விமானச் சரக்கில் பொதுவாக 6,000 கன செ.மீ. ஒரு கிலோவாகக் கணக்கிடப்படும். ஆகவே இப்பெட்டி 82.5 கிலோவாகக் கருதப்படும். பாதுகாப்புக்காக எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. வீதம் அட்டையும் பஞ்சும் வைத்துக் கட்டினால், அளவு 70, 85, 120 செ.மீ. ஆகிவிடும். அப்போது கணக்கு 119 கிலோ! உண்மை எடை எழுபதைத் தாண்டாவிட்டாலும் 119 கிலோவுக்கே பணம் செலுத்த வேண்டும்.

கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து ஒரு கொள்கலனில் அனுப்பும்போது, ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குவர். மேற்சொன்ன கட்டிய பெட்டிகள் நான்கு 2.856 கன மீட்டர் ஆகும். எடை மூன்றில் ஒரு டன்கூட இராது; ஆனால் கட்டணம் ஏறத்தாழ மூன்று டன்னுக்கு. லாரி நிறுவனங்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கின்றன. எனவே கட்டிய பின்னுள்ள நீள அகல உயரத்தையும் எடையையும் தாளில் எழுதிக்கொண்டுபோய்ப் பேசுவதே முறை. ஏற்றுகூலி, இறக்குகூலி, வீட்டில் வந்து எடுக்கும் கட்டணம், வீட்டில் கொண்டுவந்து தரும் கட்டணம், தாமதித்தால் கிடங்கு வாடகை, வரி ஆகிய அனைத்தும் சேர்ந்த முழுத் தொகையைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இவற்றை மறைத்துச் சொல்லப்படும் மலிவு மலிவாகாது.

எந்த வழி?

லாரி பார்சல் நிறுவனமே பெரும்பாலோர் நாடும் வழி. இதில் நம் பெட்டி எத்தனை தடவை தூக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஏற்றி, பதிவு நிலையத்தில் இறக்குவார்கள். அங்கே பெரிய லாரியில் ஏற்றி, இடைவழி நகரத்துக் கிடங்கில் இறக்குவார்கள். மீண்டும் ஏற்றி, சேரும் ஊரில் இறக்கி, சிறு வண்டியில் ஏற்றி, வாசலில் இறக்குவார்கள். ஆக எட்டுத் தடவை! ஆகவே, 'இடையில் லாரி மாறுமா? எங்கே மாறும்?' என்று கேளுங்கள். மாறாமல் நேரே செல்லும் நிறுவனம் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அதுவே மேல்.

தனி வண்டி பிடித்து அனுப்பினால் இரண்டே தடவைதான் தூக்க வேண்டும். செலவு கூடும்; ஆனால் நான்கு, ஐந்து பெட்டிகள் இருந்தாலும், இருவர் மூவர் சேர்ந்து அனுப்பினாலும் கணக்கு ஒத்துவரும். திரும்பும் வழியில் காலியாகப் போகும் வண்டியாக அமைந்தால் வாடகை குறையவும் கூடும். வண்டிக்காரரோடு செய்யும் ஏற்பாட்டை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நலம்.

ரயிலில் அனுப்பினால் ஆறு தடவை. தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டுச் சென்னை எழும்பூரில் முடியும் முத்துநகர் விரைவு வண்டி போன்றவற்றில் ஒரு நன்மை உண்டு. புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் வண்டியின் இரு முனைகளாக இருப்பதால், ஏற்றவும் இறக்கவும் நேரம் கிடைக்கும். இடைநிலையங்களில் வண்டி நிற்பது சில நிமிடங்களே. அங்கே எண்பது கிலோப் பெட்டியை எப்படி இறக்குவார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மேலும், நிலையத்திலிருந்து குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

கடல் கடந்து அனுப்புவோருக்குச் சில குறிப்புகள். நம் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் செல்லும் மரத்தோணிகள் காய்கறி, கட்டுமானப் பொருள் முதலியவற்றைக் கொண்டு செல்வதில் பெயர் பெற்றவை. ஆயினும் ஈரத்துக்கு அஞ்சும் இப்பெட்டிகளுக்கு மூடிய கொள்கலனே ஏற்றது. மரச்சட்டம் அடித்து அனுப்பினால், அம்மரம் பூச்சி நீங்கச் சூடேற்றப்பட்டதற்கான பன்னாட்டு முத்திரை அதில் இருக்க வேண்டும். இல்லையேல் சேரும் நாட்டில் தடுத்து நிறுத்துவர். விமானத்திலோ, வலிய காந்தம் திசைகாட்டும் கருவிகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், காந்தத்தின் வலிமை வரம்புக்குள் இருந்தால்தான் சாதாரணச் சரக்காக ஏற்பர். ஒலிபெருக்கி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கயிறு பிடிப்பவர்

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்குபவர் ஒருவர்; மேலே நின்று கயிறு பிடிப்பவர் மற்றொருவர். கல்லின் கனத்தால் ஆழத்துக்குச் சென்றவரின் உயிர், மேலே நிற்பவரின் கையில் இருந்தது. அதனால்தான் கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனனுக்கே கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் தங்கை தாலியிழக்க எந்த அண்ணன் உடன்படுவான்? 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வழக்கத்தில் உள்ள அறிவு அழியாதது: நாம் இழந்தால் தானும் இழப்பவரிடமே கயிற்றைக் கொடுக்க வேண்டும்.

லாரி நிறுவனத்தில் நமக்கு மைத்துனர் இல்லை. ஆகவே சட்டமும் எழுத்துமே அங்கே உறவாக நிற்கின்றன. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பொதுமக்களின் சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனம் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது நம் உரிமை. கேட்டவுடன் காட்டுபவர் நம்பத்தக்கவர். முகம் சுளிப்பவரை விட்டுவிலகுவதே நன்று.

சரக்குக்குச் சேதம் நேர்ந்தால், அது நிறுவனத்தின் கவனக்குறைவால்தான் நேர்ந்தது என்று நாம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது இச்சட்டம் நமக்குத் தரும் பெரும் துணை. ஆனால் இங்கேதான் பலர் அறியாத ஓர் எல்லையும் உண்டு. கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தை ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தாலன்றி, நிறுவனம் தர வேண்டிய ஈடு, செலுத்தும் வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. வாடகை 3,000 ரூபாய் என்றால் ஈடு 30,000 ரூபாய்க்கு மேல் போகாது. பெட்டிகளின் விலை இரண்டு இலட்சமாயிருந்தாலும் அவ்வளவுதான்! நகை அடகில் இருக்கும் குடும்பத்துக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனவே சரக்கின் மதிப்பை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள். சிறு கட்டணத்தை மிச்சப்படுத்த, 'பழைய சாமான், ஐயாயிரம் ரூபாய்' என்று எழுதுவோர் உண்டு. பின்னர் உடைந்தால் ஐயாயிரத்துக்குமேல் கேட்க வாய் ஏது? பொய்ச்சான்று கூறாதே என்னும் எட்டாம் கட்டளை இங்கே நம் பொருளையும் காக்கிறது. அதுபோலவே, குறித்த மதிப்புக்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு வேண்டும். வீட்டில் பயன்படுத்திய உடைமைகளுக்கு அதில் விலக்கு உண்டு என்பதற்காக, தொழிலுக்குரிய பெட்டிகளை வீட்டுச் சாமான் என்று எழுதிவிடலாகாது.

'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ரசீதில் அச்சிட்டிருந்தால், 'உடைமையாளரே பொறுப்பு' என்பது அதன் பொருள். கையெழுத்திடுமுன் அதைப் படித்து, நிறுவனத்தின் பொறுப்பில் அனுப்ப என்ன கட்டணம் என்று கேளுங்கள். ரயிலிலும் இவ்வேறுபாடு உண்டு. மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணம் செலுத்தினால்தான் முழு ஈடு கேட்க முடியும். இவை தவிர, காப்பீட்டு நிறுவனத்தில் வழிப்பயணக் காப்பீடு தனியே எடுக்கலாம். லாரி ரசீதைக் காப்பீடு என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. காப்பீடு எடுத்தாலும், சரிவரக் கட்டாத சரக்குக்கு ஈடு கிடையாது என்னும் விதி அதில் இருக்கும்.

கட்டும் முறை

ஆகவே கட்டுவதில் கவனம் வேண்டும். முன்புற வலையின்மேல் அதே அளவில் ஒட்டுப்பலகை ஒன்றை வைத்துக் கட்டினால் கூம்பு பிழைக்கும். எட்டு மூலைகளுக்கும் தடித்த அட்டையோ நுரைப்பஞ்சோ வைக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். உருளும் பெட்டி லாரிக்குள் இடிபடும். அடியில் மரத்தட்டு வைத்துப் பட்டையால் இறுகக் கட்டினால், பெட்டியைப் புரட்டாமல் தட்டோடு தூக்குவார்கள். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை உள்ளே இட்டு, அதன்மேல் நெகிழித்தாள் சுற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லாரியில் தார்ப்பாய் உண்டா என்று பார்த்தபின் ஏற்றுங்கள். காந்தம் மிகப் பெரிதாக இருந்தால், தொழில் தெரிந்தவரைக் கொண்டு ஒலிபெருக்கியைக் கழற்றித் தனியே கட்டி அனுப்புவதும் உண்டு.

கட்டுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடும் நிலையில் சிறு ஒலிப்பதிவு ஒன்று எடுத்து வைத்தால், அனுப்பும்போது நன்றாக இருந்ததற்கு அதுவே சான்று.

பெற்றுக்கொள்ளும் வேளை

பெட்டி வந்து சேர்ந்ததும் உடனே கையெழுத்திட்டுவிடாதீர்கள். கட்டு கிழிந்தோ நசுங்கியோ இருந்தால், அதை ரசீதில் எழுதிய பின்னரே கையெழுத்திடுங்கள். ரயில் நிலையத்தில், சரக்கு சேதமுற்றோ திறக்கப்பட்ட அடையாளத்தோடோ வந்தால், அலுவலர் முன்னிலையில் திறந்து பார்த்துக் குறையைப் பதிவு செய்து தருமாறு கேட்கும் உரிமை 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் உண்டு. அன்றே பாட வைத்துக் கேளுங்கள். திருநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

குறை கண்டால் காலம் தாழ்த்தலாகாது. லாரி நிறுவனமானால் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள்ளும், ரயிலானால் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள்ளும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சிறு தொழிலாளியையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

சுமக்கும் தோள்கள்

இதுவரை பெட்டியைப் பற்றிப் பேசினோம். அதைச் சுமக்கும் மனிதரைப் பற்றிப் பேசாமல் முடித்தால் நம் கட்டுரை கிறிஸ்தவக் கட்டுரை ஆகாது. துறைமுகத்திலும் லாரி நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் சுமை தூக்குவோருள் நம் பங்கு மக்களும் உண்டு. முதுகெலும்பு தேய்ந்து, நாற்பது வயதிலேயே குனிந்து நடப்போரை நாம் ஞாயிறு திருப்பலியில் பார்க்கிறோம். வயதுவந்த ஓர் ஆண் 55 கிலோவுக்கு மேல் தனியாகச் சுமக்கும் நிலை இருந்தால் அதைக் குறைக்க வழி காண வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நம் பெட்டியோ எண்பது கிலோ!

1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரும், 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடல்களை நாம் அறிவோம். உழைப்பின் மதிப்பு உழைக்கும் மனிதரிடமிருந்தே வருகிறது என்பது அவற்றின் அடிப்படை. அப்போதனையை நம் வாசலிலேயே கடைப்பிடிக்கலாம். பெட்டியின் நான்கு பக்கமும் அதன் எடையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'நால்வர் தூக்கவும்' என்றும் எழுதுங்கள். எடை தெரியாமல் தூக்கிய ஒருவரின் இடுப்பு ஒடிவதும், அவர் கை தளர்ந்து பெட்டி விழுவதும் ஒரே நொடியில் நிகழ்வன. அவரைக் காப்பது நம் பெட்டியையும் காக்கும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கச் செல்லும்போது அதன் கிடங்கைச் சற்றுப் பாருங்கள். தள்ளுவண்டியும் சாய்வுப் பலகையும் இருக்கின்றனவா? பெரும் பெட்டிக்குப் போதிய ஆட்கள் இருக்கிறார்களா? ஆட்களை மனிதராக நடத்தும் நிறுவனம் சரக்கையும் பொருட்டாக நடத்தும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

நல்ல சமாரியர் காயமுற்றவரைச் சாவடியில் விட்டுச் சென்றபோது, காவலரிடம் பணத்தையும் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவதாகவும் சொன்னார். ஒப்படைப்பது எப்படி என்பதற்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டு ஏது? யாரிடம், எந்த நிலையில், எவ்வளவு பொறுப்பில் என்பதெல்லாம் அங்கே தெளிவாக இருந்தன.

ஆகவே, அடுத்த முறை பெட்டி அனுப்பும் குடும்பத்தினர், வாடகை விசாரிக்கச் செல்லுமுன் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பதிவு எண் என்ன? எத்தனை முறை கைமாறும்? எல்லாம் சேர்ந்த தொகை எவ்வளவு? உடைந்தால் எவ்வளவு ஈடு, யார் தருவார்? தூக்குவோர் எத்தனை பேர்? இரண்டு மூன்று நிறுவனங்களில் இவற்றைக் கேட்டு, விடைகளை அருகருகே எழுதிப் பார்த்தால் தேர்வு தானே தெளிவாகும். தாளை வீட்டில் உள்ள பெண்களிடமும் காட்டுங்கள். அடகில் இருப்பது அவர்களுடைய நகையல்லவா?